தறிச் சத்தத்தில் வளர்ந்த ரத்தம்

மேகலாவின் பெட்டியில் மட்டும் ரத்தச் செல்கள் ஏன் பெருகாமல் நின்றுவிட்டன என்பது ஆய்வாளர் நஸ்ரினுக்குப் பிடிபடவில்லை. ரத்தப் புற்றுநோயை அழித்த பிறகு, நோயாளிக்கான புது ரத்தத்தை வீட்டிலேயே வளர்க்கும் பெட்டி அது. முதல் பத்து நாள் மற்ற நாற்பது வீடுகளையும்விட இங்கேதான் வேகம். இப்போது மூன்று நாளாகச் செல்கள் கூடவே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் போதுமான அளவு சேராவிட்டால் மேகலாவுக்கு ஏற்றுவதற்கு ரத்தம் இருக்காது.

மேகலாவின் வீடு இருக்கும் குமாரபாளையத்துக்கே வந்து வெப்பம், காற்று, சத்துநீர் எல்லாம் பார்த்தாள். குறையே இல்லை.

"மூணு நாள்ல எதையாவது மாத்துனீங்களாண்ணா?"

"இல்லைங்க. பெட்டிக்குத் தொந்தரவாகுமேன்னு தறியை மட்டும் நிறுத்திப்போட்டனுங்க," என்றார் மேகலாவின் அப்பா கொழந்தவேலு.

"அந்தச் சத்தமில்லாம எனக்கும் தூக்கம் வரலை," என்றாள் கட்டிலிலிருந்து மேகலா.

நஸ்ரின் சிரித்துவிட்டாள். உடம்புக்குள் ரத்தம் ஒரு நிமிடமும் சும்மா இருப்பதில்லையே. பத்து நாள் தறியின் அதிர்விலேயே வளர்ந்து பழகிய செல்கள், அது நின்றதும் தாமும் நின்றுவிட்டன. "தறியை ஓட்டுங்கண்ணா."

விசைத்தறி தடதடத்தது. தரை அதிர, பெட்டிக்குள் திரவம் சிற்றலையாக நடுங்கியது. மறுநாள் காலையில் செல்கள் இரண்டு மடங்காகியிருந்தன.

வெள்ளிக்கிழமை மேகலாவுக்கு ரத்தம் ஏறியது. நாற்பது வீடுகளுக்கும் நஸ்ரின் எழுதினாள்: பெட்டியை அசையாமல் வைக்காதீர்கள், அதிரும் இடத்தில் வையுங்கள்.