வேறுபாடு தோன்ற எழுதுக

உப்புப் பொட்டலத்தை அவள் இன்னும் பிரிக்கவில்லை.

சீருடைப் பைக்குள் அது கனத்தது.

வாளி நிறைய ஐஸை உடைத்துப் போட்டிருந்தாள். நடுவில் பால் நிரப்பிய தூக்குச் சட்டி. மேலே ஈரச் சாக்கு. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது.

வகுப்பு வாசலில் சார்ட் தொங்கியது. ‘ஒரு ஐஸ்கிரீம், நான்கு பாடம்.’ பாலையும் சர்க்கரையையும் அளந்தால் கணக்கு. உப்பு எந்த ஊரில் விளைகிறது என்று சொன்னால் சமூக அறிவியல். ஐஸில் உப்பைப் போட்டால்தான் குளிர் இன்னும் கீழே இறங்கும், அது அறிவியல். போடாவிட்டால் எவ்வளவு சுற்றினாலும் பால் பாலாகவே கிடக்கும். டீச்சர் நடத்தியதுதான். அவள் நன்றாகக் கவனித்திருந்தாள்.

கரும்பலகையில் தமிழ் காத்திருந்தது.

‘உறைந்தது, உறைத்தது – வேறுபாடு தோன்ற வாக்கியத்தில் அமைத்து எழுதுக.’

பார்வையிட அதிகாரி வருகிறார். அதனால் டீச்சர் பட்டுப் புடவை.

காலையில் சர்க்கரையைக் கலக்க அவள்தான் முதலில் கரண்டியை எடுத்தாள்.

“நீ வாளியப் பாத்துக்கோம்மா. தூக்குல கை வைக்காத. பால் பாரு, எல்லாரும் சாப்பிடணும்ல.”

சிரித்துக்கொண்டேதான் டீச்சர் சொன்னார். கரண்டியை வாங்கினார். கழுவிவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தார்.

அந்தக் கழுவலைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அவளுடைய அம்மா இந்தப் பள்ளியின் கழிப்பறைகளைக் கழுவுகிறார். அம்மா கழுவிய இடத்துக்குப் போய்வர மட்டும் இங்கே யாருக்கும் கூச்சம் இல்லை.

சரி. வாளிதானே. பார்த்துக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டாள்.

அதிகாரி வந்தார். முன்வரிசைப் பிள்ளைகள் தூக்கின் பிடியைப் பற்றி மாற்றி மாற்றிச் சுழற்றினார்கள். உள்ளங்கைகள் சிவந்துபோயின. டீச்சர் கைதட்டி உற்சாகப்படுத்தினார்.

அவள் சாக்கைச் சரிசெய்துகொண்டே பக்கத்தில் நின்றாள். சுற்றட்டும். நன்றாகச் சுற்றட்டும்.

மூடியைத் திறந்தார்கள்.

பால்.

அதிகாரி காலிக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் சாக்கை விலக்கினார். வாளித் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

அவள் கை அளைந்த தண்ணீர்.

அவளுக்கு அப்படியொரு திருப்தி.

“ஏய், உப்புப் போடலயா நீ?”

அவள் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். கட்டிய நூல் அவிழாமல் இருந்தது.

“எல்லாரும் சாப்பிடணும்ல டீச்சர். அதான் கை வைக்கல.”

அதிகாரி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

யாரும் கூப்பிடாமலேயே அவள் கரும்பலகைக்குப் போனாள். சாக்பீஸை எடுத்தாள்.

‘பால் உறையவில்லை.’

இரண்டாவது, ‘உறைத்தது’ வாக்கியத்துக்கு அவசரப்படவில்லை. திரும்பி, டீச்சரின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.