அமுதினி வீடு

பழைய எலெக்ட்ரானிக்ஸ் கடை அலமாரியில் ஒரு கறுப்பு வைஃபை ரவுட்டரும் ஒரு வெள்ளை ரவுட்டரும் நான்கு மாதமாக ஒன்றாகக் கிடந்தன. விற்காத சாமான்களுக்குள் வரும் நெருக்கம் அவற்றுக்கும் வந்துவிட்டது.

"என் பேரு அமுதினி வீடுடா. முன்னாடி நான் இருந்த வீட்டுப் பாப்பாதான் வச்சா. ஆறு வருஷம் எல்லார் போனும் அந்தப் பேரைத்தான் தேடுச்சு" என்று கறுப்பு தினமும் சொல்லும். வெள்ளை சலிக்காமல் கேட்கும்.

ஒருநாள் இன்பா என்றொரு பெண் வந்தாள். இரண்டையும் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரைப் போனில் இருந்த பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"வெள்ளை வேண்டாண்ணே, வேற மென்பொருள் ஏத்த முடியாதபடி அதைக் கம்பெனியிலேயே பூட்டிட்டாங்க. கறுப்புன்னா உள்ள இருக்கிறதை மொத்தமா அழிச்சிட்டு, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் போட்டுக்கலாம்" என்றாள் கடைக்காரரிடம்.

கறுப்புக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடா, அவளுக்கு என்னைப் பிடிச்சிருச்சு!"

வெள்ளையின் காதில் 'அழிச்சிட்டு' மட்டும்தான் விழுந்திருந்தது. "போறதுக்கு முன்னாடி உன் பேரை இன்னொரு தடவை சொல்லுடா" என்றது. கறுப்பு சிரித்துக்கொண்டே சொன்னது.

மறுவாரம் இன்பா வேறு அடாப்டர் வாங்கக் கறுப்பையும் கையோடு எடுத்துவந்தாள். கடைக்காரர் மாட்டிப் பார்த்தார். விளக்குகள் எரிந்ததுமே வெள்ளை கத்தியது.

"டேய் அமுதினி வீடு! எப்படிடா இருக்க?"

கறுப்பு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டது. "என்னையா கூப்பிடுறீங்க?"



"இல்லீங்க" என்றது வெள்ளை. "தெரிஞ்சவர் மாதிரி இருந்துச்சு."