போட்டு வாறன்

“போறன் எண்டு சொல்லாதையுங்கோ. போட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.”

மீனாம்பிகை வாங்கில் இருந்தபடியே சொன்னாள். ரிக்கற் எடுக்க எழுந்த தம்பிராசா நின்றார். சுன்னாகம் ஸ்ரேசனில் ரிக்கற் கொடுக்கும் யன்னல் அந்த வாங்குக்கு எதிரில்தான் இருந்தது.

“உந்த யன்னலடிக்குத்தானே, மீனாம்பி.”

“எங்கையெண்டாலும்.”

“சரி. போட்டு வாறன்.”

ரிக்கற்றுகளோடு அவர் திரும்பியபோது அவள் சிரித்தாள். “பாத்தியளே? சொன்னபடியாலை வந்திட்டியள்.”

“வராமல்? உந்த ஓட்டைக்குள்ளாலை கொழும்புக்குப் போகேலுமே?”

பக்கத்தில் நின்ற அண்ணை அருளம்பலமும் சிரித்தார். தம்பியின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். தம்பிராசாவின் சட்டை தோளில் தொங்கியது. நேர்த்திக்கு மொட்டையடித்த தலையைச் சால்வையால் மூடியிருந்தார். வெங்காயக் கடகங்களோடு சந்தைக்குப் போனவர்கள் அவரைக் கண்டு நடையைக் குறைத்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஊருக்கே தெரியும்.

ஆவணி மாதம் டாக்குத்தர் புற்று என்றார். அதற்குப் பிறகு வீட்டில் எவரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. வருத்தம் என்றார்கள். கொழும்பு ஆஸ்பத்திரியில் ரேடியம் வைப்பார்களாம். சில பேர் சுகமாகித் திரும்பியிருக்கிறார்களாம். அந்தச் சில பேரை நேரில் கண்டவர் எவரும் இல்லை.

சொந்தக்காரர் கைவிடவில்லை. அருளம்பலம் விடிய முன்னமே வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி பெட்டி நிறையப் பலகாரம் சுட்டுக் கொடுத்திருந்தாள். மீனாம்பிகையின் தங்கை அருந்ததி, பிள்ளைகளை மாமியிடம் விட்டுவிட்டு உடுப்பிட்டியிலிருந்து துணைக்கு வந்துவிட்டாள்.

ஆனாலும் தம்பிராசாவுக்கு இரவுகளை நினைக்கத்தான் பயம். பிள்ளைகள் இல்லாத வீடு அவர்களுடையது. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒருவரை விட்டு ஒருவர் ஓர் இரவும் தங்கியதில்லை. விளக்கை நூர்த்த பிறகு யாரோடு கதைப்பது என்று யோசித்துப் பார்த்தார். சுவர்தான் நினைவுக்கு வந்தது.

மீனாம்பிகை இடது கையை உடம்போடு அணைத்தபடி, வண்டியில் விட்ட இடத்திலிருந்து புத்திமதியைத் தொடங்கினாள். கஞ்சியை ஆறவிட்டுக் குடிக்கவேண்டும். வெறுவயிற்றில் சுருட்டுப் பற்றக்கூடாது. இரவில் இருமல் வந்தால் எழும்பியிருந்து சுடுதண்ணீர் குடிக்கவேண்டும். பசித்தால் அண்ணையிடம் வாய்விட்டுக் கேட்கவேண்டும்.

“அவனை நான் பட்டினி போடமாட்டன், பிள்ளை,” என்றார் அருளம்பலம்.

“கேக்கமாட்டார், அத்தான். பசிச்சாலும் சும்மா கிடப்பார்.”

“நான் என்ன குழந்தையே?” என்றார் தம்பிராசா.

“ஓம்.”

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொழும்புக் கோச்சியின் புகை தூரத்தில் தெரிந்தது. அது இன்றைக்குப் பிந்தி வந்தால் நல்லது என்று நினைத்தார். அது பிந்தவில்லை.

அருந்ததி உடுப்பு மூட்டையைத் தூக்கினாள். அருளம்பலம் பலகாரப் பெட்டியை எடுத்தார். தம்பிராசா எழுந்தார். வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பயப்பிடாதையுங்கோ,” என்றாள் மீனாம்பிகை, மற்றவர்களுக்குக் கேட்காமல்.

“எனக்கென்ன பயம்?”

அவள் அவருடைய சால்வையைச் சரிசெய்துவிட்டாள். நால்வரும் கோச்சியை நோக்கி நடந்தார்கள்.

பெண்கள் பெட்டியின் கதவைத் திறந்து அருந்ததி முதலில் ஏறினாள். பிறகு குனிந்து, இடது பக்கம் நோகாமல், அக்காவை மேலே தூக்கிவிட்டாள். அருளம்பலம் பலகாரப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு இறங்கி, தம்பியின் பக்கத்தில் வந்து நின்றார்.

தம்பிராசா வெளியே நின்று யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“சொல்லும்,” என்றார்.

கோச்சி அசைந்தது. மீனாம்பிகை அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டாள்.

“போறன்,” என்றாள்.