மிஞ்சிய டிஸ்க்

2007இல் ஒரு நாள். காணாமல்போன தன் கணவன் லெட்சுமணனின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு, மாத்தளையில் மஹ்ரூபின் கடைக்கு வந்தாள் தெய்வானை.

"நானா, இதுல உள்ளதை எடுக்க ஏலுமா?"

மஹ்ரூப் திறந்து பார்த்தான். லெட்சுமணனுக்கு அவன் பொருத்திக் கொடுத்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றுதான் இருந்தது.

"ஏலாது தங்கச்சி. வேகம் வேணுமுன்னு ரெண்டையும் சேர்த்துப் போட்டேன். எல்லாத்தையும் துண்டு துண்டாக்கி ரெண்டுலயும் மாறி மாறி எழுதும். ஒண்ண மட்டும் வச்சு ஒண்ணும் செய்ய ஏலாது."

"அவரு குரலு, கல்யாணப் போட்டோ?"

"வராது."

"மத்த டிஸ்க்லயும் வராதா?"

"வராது. அது எங்க?"

"அவரை இழுத்துட்டுப் போனவங்க கழட்டிட்டுப் போயிட்டாங்க. புள்ளைங்களை அவங்க கடத்துனதைப் பாத்தவங்க சொன்ன சாட்சியெல்லாம் அவரு இந்தக் கம்ப்யூட்டர்லதான் பதிஞ்சு வச்சிருந்தாரு."

மிஞ்சிய டிஸ்க்கை அவள் ஒருமுறை தடவிப் பார்த்தாள்.

"இதைத் தேடி அவங்க வர்றதுக்கு முன்னாடி உடைச்சிருங்க, நானா."