அருணகிரிப் படி

கைதட்டல் அடங்கும்வரை சிவப்பிரியா கையைத் தூக்கியபடியே நின்றாள்.

மேடையில் பேராசிரியர் அருணகிரி. திருவண்ணாமலையில் பிறந்து உலகம் சுற்றிய விஞ்ஞானி என்று கல்லூரி வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள். 2003-ஆம் வருடத்துப் பெரிய விருது ஒன்றுக்கு அவர் பெயர் போயிருந்தது. தேர்வுக் குழுவினர் இருவர் முன்வரிசையில் இருந்தார்கள்.

திரையில் அந்த வரைபடம்.

காந்தப்புலத்தைக் கூட்டினால் சாதாரண உலோகத்தின் மின்தடை வளைந்து ஏறும். விசித்திர உலோகம் என்று பேர் வாங்கிய இந்தச் செப்பு ஆக்சைடில் ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக ஏறியது. காந்தப்புலம் ஐந்து டெஸ்லா அளவைத் தொட்ட இடத்தில் மட்டும் செங்குத்தாக ஒரு சின்னப் படி. பிறகு மறுபடி நேர்கோடு.

அதற்கு 'அருணகிரிப் படி' என்று பெயர். அதன்மேல் ஒரு கோட்பாடே கட்டியிருந்தார். வேறு யார் அளந்தும் அந்தப் படி கிடைக்கவில்லை. அவர்களுக்கு அளக்கத் தெரியவில்லை என்பார்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அதை அளந்தவள் சிவப்பிரியா, அப்போது அவருடைய ஆராய்ச்சி மாணவி. பாதியில் விட்டுப் போனவள் என்று கட்டுரையில் அவள் பெயரை எடுத்துவிட்டார். இப்போது இந்தக் கல்லூரி லேப்பில் வேலை. அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை.

"இதை அளக்கும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா சார்?"

அவர் சிரித்தார். தானே அளந்ததாகவும், படி எழும்பியதைக் கண்ணால் பார்த்ததாகவும் மைக்கில் சொன்னார்.

அவளுக்கு அது போதும்.

ஒரு பழைய காகிதச் சுருளை முன்வரிசையில் கொடுத்தாள். அன்றைக்கு இயந்திரம் வரைந்த வெப்பநிலைப் பதிவு. காந்தம் ஐந்து டெஸ்லாவில் நாற்பது நிமிடம் ஆளில்லாமல் நின்றிருக்கிறது. அதற்குள் சூடு மெல்ல ஏறியிருக்கிறது. சூடு ஏறினால் தடையும் ஏறும். படி என்பது அவ்வளவுதான்.

தேர்வுக் குழுவினர் சுருளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவர் பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டார்.

அருணகிரி மேடையை விட்டு இறங்கி வந்தார். கிட்டத்தில் வந்ததும் அவளைத் தெரிந்துகொண்டார். அந்த நாற்பது நிமிடம் எங்கே போயிருந்தாய் என்று தணிந்த குரலில் கேட்டார்.

"உங்க ரூம் வாசல்ல தந்தியோட நின்னேன் சார். அப்பா போயிட்டாரு, லீவு குடுங்கன்னு."

அளந்து முடித்துவிட்டுப் போ என்றார் அன்று, தலையைத் தூக்காமலே. முடித்துவிட்டுத்தான் போனாள். திருவண்ணாமலை ஈசான்ய மயானத்துக்கு வந்து சேர்ந்தபோது சாம்பல்கூட ஆறியிருந்தது.

அன்று லேபை விட்டுக் கிளம்பும்முன் வரைபடத்தை அவர் மேசையில் வைத்தாள். வெப்பநிலைச் சுருளைத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அது எங்கே என்று பன்னிரண்டு வருடத்தில் அவர் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.