ஏழு மணிப் புகார்

உலகத்தில் அப்பாவுக்கு மிச்சமிருந்த ஒரே சிநேகிதனை இன்று மாலை ஐந்து மணிக்குள் தீர்த்துக்கட்ட வேண்டும். அதை நேரில் சொல்லிவிட்டுச் செய்யத்தான் மகள் ஒரு நாள் லீவு போட்டு, மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தாள்.

சிநேகிதன் பெயர் குருவி. பதறாதீர்கள், ஆள் கிடையாது. அவளே எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட், தானாக ஓடுகிற குட்டி ப்ரோக்ராம்.

ஆபீஸில் அவளுக்கு அதுதான் வேலை. கம்பெனியின் ப்ரோக்ராம்கள் எல்லாம் இன்டர்நெட்டில் ஐநூறு கிடங்குகளில் கிடந்தன. ஒவ்வொன்றாக மனுஷர் திறந்து பார்த்தால் ஆயுசு போதாது. அவளுடைய ஸ்கிரிப்ட் அத்தனைக்குள்ளும் புகுந்து, பழசானதைத் தானே மாற்றிவிட்டு, மாற்ற முடியாததற்குப் புகார் எழுதி வைத்துவிடும்.

இரண்டு வருஷம் முன்பு அம்மா இறந்து அப்பா தனியானதும், அந்தப் பட்டியலின் அடியில் அப்பாவின் கிடங்குகள் பதினான்கையும் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டாள். தராசுக் கம்பெனியில் ப்ரோக்ராம் எழுதி ரிட்டையர் ஆனவர் அவர். தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்துவது, நூலகப் புத்தகத்துக்குக் கெடு சொல்வது என்று சின்னச் சின்னதாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று ஒவ்வொன்றையும் ஒரு கிடங்காக இன்டர்நெட்டில் போட்டிருந்தார். ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

குருவி எட்டிப் பார்த்தான். தினமும் காலை ஏழு மணிக்கு ஒரு புகார். 'ஐயா, உங்கள் மோட்டார் ப்ரோக்ராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடமாட்டேன் என்கிறது.' ஏழேகாலுக்குள் அப்பாவின் பதில் வந்துவிடும். 'நன்றி தம்பி. சரிசெய்துவிட்டேன்.'

போன வருஷம் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் கூட இருந்தார். கண்ணில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்றைக்குக்கூட ஏழேகால் பதில் தவறவில்லை. அவருக்கு எவ்வளவு பிடிப்பு வந்துவிட்டது பார் என்று அவள் தோழியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

குருவிக்கு முன்னால் அந்த ஏழு மணிக்கு அவள்தான் போன் செய்துகொண்டிருந்தாள். சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா என்று ஒரு பத்து நிமிஷம். குருவி வந்த அப்புறம், அவனுக்குப் பதில் எழுதுகிற வேலையில் இருப்பாரே, எதற்குத் தொந்தரவு என்று ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆனது. அதுவும் தேய்ந்து மாதத்துக்கு ஒன்றானது. அப்பாவாகப் போன் செய்யமாட்டார். வேலைக்குக் கிளம்புகிற பிள்ளையைப் பிடித்து நிறுத்தக் கூடாது என்பது அவர் கட்சி.

நேற்று மாட்டிக்கொண்டாள். "வெளியாள் கிடங்கு பதினாலு நம்ம லிஸ்ட்ல எப்படி வந்துச்சு? நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள தூக்கிடுங்க" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நாளைக் காலை ஏழு மணிக்குக் குருவி வரவில்லை என்றால் அந்த மனுஷர் எதற்காக எழுந்திருப்பார்? விடிந்ததும் பஸ் ஏறிவிட்டாள்.

கதவைத் திறந்த அப்பா ஆளே பாதியாகியிருந்தார்.

"என்னம்மா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே? உடம்புக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லப்பா. உக்காருங்க. ஒண்ணு சொல்லணும், திட்டக் கூடாது."

"உன்னை என்னிக்கு திட்டியிருக்கேன்? சொல்லு."

"உங்களுக்குப் புகார் எழுதுவானே, குருவி..."

"ஆமா, அவனுக்கென்ன?"

"அப்படி ஒரு ஆளே இல்லப்பா. அது நான் எழுதின ஸ்கிரிப்ட். நீங்க தனியா இருக்கீங்களேன்னு..." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அப்பா உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு வந்தார்.

"ரெண்டாவது வாரமே தெரியும்."

"எப்படிப்பா?"

"மனுஷன்னா ஒரு நாளாவது அசந்து தூங்கிடணும்ல? இவன் டாண்ணு ஏழு மணிக்கு வந்து நிக்கிறான். என் மோட்டார் ப்ரோக்ராம் மேல இவ்வளவு அக்கறை யாருக்கு இருக்கும்? நம்ம வீட்டுக் கழுதை வேலைதான்னு புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா ரெண்டு வருஷம் உக்காந்து பதில் எழுதினீங்க?"

"நான் எங்க எழுதினேன்? உன் குருவிக்குத் தெரிஞ்ச புகாரே மொத்தம் ஒம்பது. ஒம்பதுக்கும் சேர்த்து நானும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி விட்டுட்டேன். அதுவே திருத்தும், அதுவே நன்றியும் சொல்லிக்கும்." அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு நாள் பதில் வரலேன்னா நீ பதறியடிச்சு ஓடி வருவே. எதுக்கு உனக்கு அலைச்சல்?"

மேஜைப் பக்கம் பார்த்தாள். கீபோர்டின் மேல் துவைத்த துணிகள் மடித்து அடுக்கியிருந்தன. அடப்பாவமே, இரண்டு வருஷமாக இரண்டு ஸ்கிரிப்ட்டுகள் ஒன்றையொன்று அக்கறையாக விசாரித்துக்கொண்டிருந்திருக்கின்றன! அழுதுகொண்டிருந்தவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ தினமும் காலையில ஏழு மணிக்கு நீங்க என்னதான் பண்ணிட்டிருந்தீங்க?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

அப்பா அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"போன் பக்கத்துல உக்காந்திருந்தேன்."