கொக்கு பார்த்த காளவாய்

"இறக்கினப்புறம்தாங்க வலிக்கும். முதுகுல மூட்டை இருக்கும்போது வலியை நினைக்க நேரம் ஏது?"ன்னு கழுதை சொல்லுச்சு.

'முதுகு வலிக்குதா?'ன்னு கேட்டது கொக்கு. வேலை பார்க்கிற இடத்துல உடம்புக்கு என்னென்ன கெடுதல்னு பார்க்க வந்த அதிகாரி. கழுதைக்கு வேலை சுண்ணாம்புக் காளவாயில. கொக்கு 'கெடுதல்'னு ஒரு வார்த்தை சொல்லிட்டா பாரத்தைக் குறைப்பாங்க, தூசியை மறைக்கத் தட்டி கட்டுவாங்க. ஏற்கெனவே ஒரு கண்ணு மங்கிப்போன கழுதை, மிச்சம் இருக்கிற கண்ணுக்காக அந்த வார்த்தையை எதிர்பார்த்து நின்னுச்சு.

கொக்கு காளவாய்க்குள்ள போய் ஒத்தக் கால்ல கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துச்சு. றெக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச்சு.

"என் மேல ஒரு பொட்டுத் தூசிகூட ஒட்டலையே!"

"ஐயா, நீங்களும் வெள்ளை, சுண்ணாம்பும் வெள்ளை. காக்கா ஐயா யாராச்சும் வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நக்கலா? கண்ணால பார்த்ததைத்தான் நான் சொல்ல முடியும்." அப்பவே கொக்குக்குக் கண்ணுல தண்ணி ஊத்துச்சு. "கண்ணு ஏன் இப்படி எரியுது?"

"எனக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. தூக்கம் பத்தலைன்னாரு முதலாளி."

கொக்கு முகம் தெளிஞ்சுது. "அதான்! நேத்து நான் சரியாத் தூங்கல. உங்க முதலாளி விவரமானவருப்பா. இங்க ஒரு கெடுதலும் இல்ல. நீ நேரத்தோட படு."

"ஏய், அடுத்த லோடு ரெடி!"ன்னு உள்ளேருந்து குரல் வந்துச்சு.

"இதோ வந்துட்டேங்க"ன்னுச்சு கழுதை. நல்ல கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, மங்கின கண்ணால வழி பார்த்து உள்ளே போச்சு.